இதில் இல்லை, கீழே

லிஃப்ட் நின்றுவிட்டது என்று பத்துப் பேர் கூப்பிட்டால், அதில் ஒன்பது லிஃப்டில் ஒரு கோளாறும் இருக்காது. கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கும். அல்லது யாராவது பீரோ ஏற்றும்போது முழங்கை பட்டு உள்ளேயிருக்கும் சிவப்புப் பொத்தான் அமுங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் நம்மவருக்கு இதில் அலாதி சந்தோஷம். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டடத்துச் செயலாளரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மெஷின் மேல பழி போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்" என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த கட்டடத்துக்குப் போய் முந்தின கட்டடத்துக் கதையை நடித்தே காட்டுவார். அந்தச் செயலாளர் முழித்த முழி, அவர் மனைவி தலையிலடித்துக்கொண்ட விதம் எல்லாம் உண்டு. கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

வீட்டிலும் மாமனார் வீட்டிலும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். நாற்பத்தைந்து வயது, லேசான தொப்பை, ஓயாத வாய். பகலெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுப் பொந்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிரீஸ் வாடையில் கிடப்பவர். சாயந்திரம் குளித்துவிட்டு உட்கார்ந்தால் அவருக்கு வேண்டியது வானம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு அவருக்கு அப்படித்தான் பிடித்துப்போனது. ஆனால் வீட்டிலிருந்தது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவதற்குள் படம் நாலு தடவை நின்று நின்று வரும். "மேகம் வந்து சேர்றதுக்குள்ள நான் துணி துவைச்சுக் காயப்போட்டுடுவேன்" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

புதிதாக ஒன்று சேர்த்துக் கட்டுவது என்று முடிவானதும் சகலையிடம் போனார். மனைவியின் தங்கை கணவர். ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கும் மேஜையில் பத்து வருடமாக உட்கார்ந்திருப்பவர். லிஃப்ட்காரர் பத்து வார்த்தை பேசினால் சகலை அரை வார்த்தை பேசுவார். அந்த அரை வார்த்தையையும் யோசித்துத்தான் பேசுவார்.

சகலை வீட்டுக் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

"கேபினட்ல கலர் லைட் எரியணும் சகலை. ரூமுக்குள்ள நுழைஞ்சா காக்பிட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கணும்."

"லைட்டு பிளேனை ஓட்டாது அண்ணே. அந்தக் காசையும் கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. உங்க விளையாட்டுக்கு அதுதான் உயிர்."

"ப்ராசஸர் பெரிசா வேணாமா?"

"நடுத்தரமா போதும். ரேம் மட்டும் ஒண்ணா போடாம ரெண்டு குச்சியா போடலாம். எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். கரண்டு குடுக்கிறது அதுதானே, அது படுத்தா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் படுத்துடும்."

கிராபிக்ஸ் கார்டில் வந்துதான் கணக்கு இடித்தது. அந்த விளையாட்டுக்கு ஏற்ற கார்டு புதிதாக வாங்கக் காசு எட்டவில்லை. சகலையின் வாடிக்கையாளர் ஒருவர் பெரிய கார்டுக்கு மாறியதில் அவருடைய பழையது சகலையிடம் இருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தணிக்கும் பசையை மாற்றி, மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்திருந்தார். மூலையில் ஒரு வெள்ளைக் கீறல் தவிர ஒரு குறையும் இல்லை.

"பழசுன்னா பழசுதானே சகலை" என்று லிஃப்ட்காரர் இழுத்தார்.

"இதுக்கு நான் பொறுப்பு அண்ணே" என்றார் சகலை. அந்த மனிதர் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வருவது அபூர்வம்.

பூட்டி முடித்து, சகலை வீட்டு மானிட்டரிலேயே விமானத்தை ஓட்டிக் காட்டினார். மலைக்கு மேல் வழுக்கிக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் கை தட்டினார். "வீட்டுக்கு வந்து நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று சகலை கிளம்பியபோது லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பதினாலு மாடிக்கு வயர் இழுக்குறவன் சகலை நான். ஒரு மானிட்டர் கேபிள் சொருகத் தெரியாதா?"

கதை சொல்கிறவன் இந்த இடத்தில் மறைத்து வைத்துப் பிறகு அவிழ்ப்பது வழக்கம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கம்ப்யூட்டரின் முதுகில் மானிட்டர் கேபிள் போக இரண்டு இடத்தில் துளை இருக்கும். மேலே இருப்பது மதர்போர்டுடையது, கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். மேலே சொருகினாலும் படம் வரும். ஆனால் உயிரைக் கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். இது தெரிந்துதான் சகலை மேல் துளையைச் சிவப்பு ரப்பர் மூடியால் அடைத்திருந்தார். மூடியின்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, "இதில் இல்லை. கீழே" என்று தன் பொடி எழுத்தில் எழுதியும் இருந்தார். நம்மவர் அதைக் கம்பெனிக்காரன் வைத்த அடைப்பு என்று நினைத்தார். பிடுங்கினார், டூல் பையில் போட்டார், கேபிளை மேலேயே சொருகினார். லிஃப்டுக்குள் எத்தனை எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஒருத்தனும் படிக்கிறதில்லை என்று அன்று காலைதான் அங்கலாய்த்திருந்தார்.

விமானம் விக்கியது. ஓடுபாதையிலேயே இழுத்து இழுத்துப் போனது. பழைய கம்ப்யூட்டரே தேவலை என்று தோன்றியது. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய கார்டு, மூலையில் கீறல், அன்றைக்கே தனக்கிருந்த சந்தேகம் எல்லாம் மனதில் ஒன்று சேர்ந்துகொண்டன. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா. தெருவைப் பார்த்த முன்னறையைச் சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்து, சொந்தமாக ரிப்பேர் கடை வைக்கச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் பேச்செடுத்தார். சகலையின் முகம் மலர்ந்து எட்டு வருடமாவது இருக்கும், அன்று மலர்ந்தது.

"கடையா?" என்றார் லிஃப்ட்காரர். "நல்லா வைக்கட்டும் மாமா. சொந்தக்காரன் தலையிலேயே மொளகா அரைக்கிறவரு, ஊர்க்காரனை விட்டா வைப்பாரு?"

பிறகு நடித்துக் காட்டினார். விமானம் விக்குவது, தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுவது, செத்த கார்டுக்குச் சகலை பொறுப்பேற்பது எல்லாம். மச்சினன் சிரித்தான், மாமியார்கூடச் சிரித்தாள்.

சகலை சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வயரெல்லாம் சரியா சொருகினீங்களா அண்ணே?"

"யாரைப் பாத்து கேக்குறீங்க?"

அதற்குமேல் சகலை பேசவில்லை. மறுநாள் காலை தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்த புதுக் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே கூப்பிட்டதற்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். லிஃப்ட்காரர் எல்லாக் கேபிளையும் பிடுங்கி, புதுக் கார்டை மாட்டி, திரும்பச் சொருகினார். கண்ணெதிரே பளபளவென்று புதுக் கார்டின் துளை இருந்தது, கை தானாக அங்கே போயிற்று. விமானம் வழுக்கிக்கொண்டு பறந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மாமனார் கோர்ட்டில் இருந்தவர், ஒரு தடவை சொன்ன சாட்சியம் போதாது அவருக்கு. கார்டை மாற்றினதும் சரியாகிவிட்டதா என்று போன் செய்து கேட்டார். "ஜம்முன்னு ஓடுது மாமா" என்றார் மூத்த மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளையின் கடைப் பேச்சு அதோடு நின்றது, முன்னறையை ஒரு கூரியர்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

*

பத்து மாதம் கழித்து லிஃப்ட்காரர் பெரிய மானிட்டர் வாங்கினார். அதற்குத் தடித்த கேபிள். பழைய கேபிள் பட்டியை அறுக்கக் கத்தரியைத் தேடி டூல் பையைக் கவிழ்த்தபோது திருகாணிகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று உருண்டது. எடுத்துப் பார்த்தார். கிரீஸ் படிந்த காகிதத்தில் சகலையின் பொடி எழுத்து.

இதில் இல்லை. கீழே.

மேஜையை இழுத்துக் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் குனிந்தார். மேலே மூடியில்லாத துளை. கீழே கார்டில் கேபிள். இருபத்திரண்டு வருட மெக்கானிக், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். கேபிளை உருவி மேல் துளையில் சொருகி விமானத்தை ஓட்டினார். விக்கியது. அதே ஓடுபாதை, அதே விக்கல். திரும்பக் கீழே சொருகினார். வழுக்கியது.

அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அந்தச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. சகலை சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தான் அழுதமாதிரி நடித்த நடிப்பு ஞாபகம் வந்தபோது வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

உடனே போனை எடுத்திருக்க வேண்டும். எடுத்தார், வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்கு வாய்தா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மச்சினனுக்குக் காய்ச்சல், இதுவா நேரம் என்று விட்டார். அதற்கடுத்த வாரம் மாமனாரே போன் செய்தார்.

"கூரியர்காரர் கெடு முடியுது மாப்ளே. இன்னும் நாலு மாசம் நீட்டிக்கக் கேக்குறாரு. சின்னவருக்கே குடுத்துடலாமான்னு ஒரு யோசனை. நீங்க என்ன சொல்றீங்க?"

உண்மை வாய்வரை வந்துவிட்டது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார். கேபிள் சொருகத் தெரியாதவனா என்று மச்சினன் ஆயுசுக்கும் சிரிப்பான். "அவரே இருக்கட்டும் மாமா, என்ன அவசரம்?" என்றார். முதல் தடவை தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. இதற்குப் பெயர் துரோகம் என்று அவருக்கே தெரிந்தது.

அதன்பிறகு விமானம் ஓட்டுவது ருசிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளே சகலையின் கார்டு விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். அணைத்துவிடுவார். "என்னங்க, பைலட் லீவா?" என்று மனைவி கேட்டால் கண் வலிக்கிறது என்பார். சிவப்பு மூடி சட்டைப் பையிலேயே கிடந்தது. துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்வார்.

நாலு மாதமும் ஓடிப்போயிற்று. கூரியர்காரர் இந்தத் தடவை ஐந்து வருடத்துக்கு எழுதிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக மாமனார் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சாயந்திரம் லிஃப்ட்காரர் சகலை வீட்டுக்குப் போனார்.

சகலை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தார். கூடத்து மூலையில் அவருடைய கம்ப்யூட்டர், பக்கவாட்டுத் தகடு இல்லாமல் திறந்திருந்தது. உள்ளே மூலையில் வெள்ளைக் கீறலோடு அந்தக் கார்டு சுற்றிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் மூடியை எடுத்து நீட்டினார். ஓயாத வாய் அன்று ஒட்டிக்கொண்டது. "மேல சொருகிட்டேன் சகலை" என்றார் கடைசியில். "நாலு மாசத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது."

சகலை மூடியைப் பார்த்தார், வாங்கவில்லை. "எனக்குக் கார்டை மாத்தின அன்னிக்கு சாயந்திரமே தெரியும்ணே. பழசைக் கொண்டுவந்து இதுல மாட்டினேன், நல்லா ஓடுச்சு. அப்ப வேற என்னவா இருக்கும்?"

"ஏன் சகலை சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டார். அதையும் நடித்துக் காட்டியிருப்பார்.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போவுது?" என்றார் சகலை. "எனக்குத் தெரிஞ்சதுதானே. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

மாமனாருடைய போன் பற்றி லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை அதே மேஜை, அதே ஆட்கள். மாமனார் கை கழுவிவிட்டு வந்து பேச்சை ஆரம்பிக்குமுன் லிஃப்ட்காரர் மூடியை எடுத்து நடுவில் வைத்தார்.

"மாமா, ஒரு கதை சொல்றேன். ஒரு பெரிய மெக்கானிக். பதினாலு மாடிக்கு வயர் இழுத்தவரு."

ஆரம்பித்ததும் வாய் தன் பழைய பாதையில் ஓடத் தொடங்கியது. மெக்கானிக் மூடியைப் பிடுங்குவது, மேல் துளையில் சொருகுவது, கீழே கார்டு கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, கார்டை மாற்றிய அன்றே தெரிந்தும் சகலை வாயைத் திறக்காதது என்று ஒவ்வொன்றாக வந்தது. மச்சினன் முதலில் சிரித்தான். பிறகு மாமியார். மனைவி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். "நேத்துதான் டூல் பையில கெடைச்சுது, அந்த மெக்கானிக் தூக்குல தொங்காத குறை" என்று முடித்தார். மாமனாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்குத் தோள் இறங்கினமாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா நாலு மாதம் பயந்தோம் என்று நினைத்தார். சகலையைப் பார்த்தார். சகலை சிரிக்கவில்லை. அவர் மனைவியும் சிரிக்கவில்லை. 'நேத்துதான்' என்ற இடத்தில் சகலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்.

"சின்ன மாப்ளே, உங்க மேலயும் தப்பு இருக்கு" என்றார் மாமனார் நல்ல மனதோடு. "வாயைத் திறந்து அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த வினையே இல்லியே. ஒரு வருஷத்துக்கு மேல மூடி வச்சா மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சரிங்க மாமா" என்றார் சகலை.

அந்த 'சரிங்க மாமா' லிஃப்ட்காரரைச் சுட்டது. தன்னுடைய தப்பு சிரிப்பாகிவிட்டது, அந்த மனிதரின் மௌனம் தப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் நன்றாகவே முடிந்துவிடும். அறை சகலைக்குக் கிடைக்கும். தனக்கும் பெயர் கெடாது.

"நேத்து இல்ல மாமா" என்றார்.

"என்னது?"

"நேத்து கண்டுபிடிக்கல. நாலு மாசமாச்சு. நீங்க போன் பண்ணிக் கேட்டீங்களே, சின்னவருக்குக் குடுத்துடலாமான்னு? அப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவசரம் இல்லன்னேன். என்னைப் பாத்து சிரிப்பீங்கன்னு சொல்லல. சகலை மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பண்ணினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மூடியைக் கையிலெடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மூன்று வார்த்தையையும் படித்தார். மனைவி லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் போன் விஷயம் சகலையும் அதுவரை கேள்விப்படாதது. கையை எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தியாள்தான் பேசினாள். சண்டைக் குரல் இல்லை, விவரம் சொல்கிற குரல்.

"அந்த நாலு மாசமாத்தான் அத்தான், இவரை ஊருக்கு வெளிய இருக்கிற கடைக்கு மாத்தியிருக்காங்க. ரெண்டு பஸ் மாறிப் போறாரு. காலைல புள்ள எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி போயிடுறாரு."

மாமனார் எழுந்து முன்பக்கம் போய்க் கூரியர்காரருக்குப் போன் செய்தார். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் தருகிறேன் என்று அவர் சொல்வது மேஜைவரை கேட்டது. இன்னும் மூன்று மாதம் இரண்டு பஸ் என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

எல்லோரும் கலைந்து கிளம்பும்போது வாசலில் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சகலை, நாளைக்குக் காலைல உங்க கார்டைக் கழட்டிக் கொண்டுவந்து குடுத்துடுறேன். உங்களுதை நீங்க போட்டுக்கங்க. அது எனக்கு வேணாம்."

சகலை கையை விடுவித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வழக்கம்போல் கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம்ணே, வச்சுக்கங்க. எனக்கு அந்தப் பழசே போதும். நல்லாத்தான் ஓடுது."